நோனாவின் பல்லும் மச்சானின் சஹனும்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதருக்கு அவ்வளவு வெள்ளையாக, அவ்வளவு வரிசையாகப் பல் இருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வர வேண்டும். தொண்டியில் யாருக்கும் வரவில்லை. கொழும்பிலேயே காலத்தைக் கழித்தவர், அங்கத்தியத் தண்ணீர் அப்படி என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள். என் மச்சான் வாவு முகம்மது அதையெல்லாம் மறுக்காமல் கேட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரித்துவைப்பார்.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு தம்ளரால்தான். மச்சானின் மனைவி தாஜுன்னிசா லாத்தா என் கூடப் பிறந்தவள். எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் கொல்லை ஒன்றுதான். ஒரு மதியம் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்க அவள் அடுப்படிக்குப் போனேன். மாடத்தில் மூடி வைத்திருந்த தம்ளரை எடுத்து மூடியைத் திறந்தால் உள்ளேயிருந்து மச்சான் சிரிக்கிறார். மச்சான் இல்லை, அவருடைய சிரிப்பு மட்டும். தம்ளரைக் கீழே போடாமல் வைத்ததே என் கெட்டிக்காரத்தனம்.

"யார்ட்டயும் சொல்லிறாத நூர் நிஷா. தெரிஞ்சா அவுக இந்த ஊர்லயே இருக்க மாட்டாக" என்று லாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல்லில்லாதது ஒரு குற்றமா என்று கேட்டேன். அவள் கொழும்புக் கதையைச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மச்சான் மீசை முளைக்கிற வயதிலேயே கொழும்புக்குப் போனவர். நம் பக்கத்து ஆட்கள் நடத்திய ஒரு ஜவுளிக்கடையில் சமையல்காரர். கடை ஆட்கள் எல்லோரும் மாடியிலேயே தங்கி, மாடியிலேயே சாப்பிடுவார்கள். அவர்களுக்கு ஆக்கிப் போடுகிறவரைப் பண்டாரி என்பார்கள். மச்சான் ஆக்குகிற தால்ச்சாவுக்காகவே வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துக் கடைக்காரர்கள் ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு மாடியேறுவார்களாம். வெற்றிலையும் புகையிலையும் அவருடைய ஈறைத் தின்றுவிட்டன. கடைசியில் ஒரு பல் டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் செட்டுக் கட்டிக் கொடுத்தார். மேல் செட்டு ஒழுங்காக உட்கார்ந்தது. கீழ் செட்டுக்கு வாய் பிடிக்கவில்லை.

அந்தப் புதுப் பல்லோடு முதலாளி வீட்டு விசேஷத்துக்குப் போய் சஹனில் உட்கார்ந்திருக்கிறார். வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாது. எங்கள் வீட்டு விருந்துகளில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவோம். நல்ல கறித்துண்டு தன் பக்கம் கிடந்தால் அதைப் பிய்த்து எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். மரியாதை, பிரியம், பழைய சண்டைக்குச் சமாதானம் எல்லாம் அந்தத் தள்ளுகிற கையில்தான் இருக்கிறது. தள்ளிவிட்டதைத் தொடாமல் எழுந்தால் தள்ளியவர் முகத்தில் அடித்த மாதிரி.

யாரோ பிரியமாகத் தள்ளிய கறியை மச்சான் கடித்து இழுத்தபோது, கீழ் செட்டு கறியோடு சேர்ந்து வந்து நெய்ச்சோற்றின் நடுவில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் தேவலை. ஒருவர் பின் ஒருவராக, போதும் என்று சொல்லிக் கை கழுவ எழுந்து போனார்கள். நிறைந்த சஹனுக்கு முன்னால் மச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் யார் கூடவும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பல்லைப் பேசுவதற்கும் சிரிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது கழற்றிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றைக் குழைத்து விழுங்கிவிடுவார்.

நோனா வந்தது அந்த நாட்களில்தான். முதலாளிக்கு யாரோ ஒரு சீமை முயலைக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, காதின் உள்பக்கம் மட்டும் ரோஸ் நிறம். வெள்ளிக்கிழமைக்கு ஆக்கிவிடு என்று பண்டாரியிடம் கொடுத்துவிட்டார். எத்தனையோ ஆட்டையும் கோழியையும் சட்டியில் ஏற்றிய மனிதர், இதை மட்டும் இன்னும் கொஞ்சம் சதை பிடிக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். காரணம் எனக்குப் புரிகிறது. அடுப்படியில் தனியாக அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எழுந்து போகாமல் பார்த்துக்கொண்டிருந்த ஒரே உயிர் அதுதான். சிங்களத்தில் சீமாட்டியை நோனா என்பார்களாம். அதையே பெயராக வைத்துவிட்டார்.

ஐம்பத்தாறாம் வருஷம் பெர்மிட்டைப் புதுப்பிக்க வழியில்லாமல் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கினார். வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஓலைக் கூடை. கூடைக்குள் ஏதோ விலை உயர்ந்த சாமான் என்று நினைத்து நாங்கள் மூடியை மெதுவாகத் திறந்தோம். நோனா எங்களைப் பார்த்து மூக்கை ஆட்டியது. என் லாத்தா, புருஷன் வந்த சந்தோஷத்தில் அதையும் ஏற்றுக்கொண்டாள்.

மச்சான் என்ன சாப்பிட்டாரோ அதுதான் நோனாவுக்கும். காலையில் பாலில் ஊறிய ரொட்டி. மதியம் குழைந்த சோறு. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி. லாத்தா முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து வட்டலப்பம் அவித்தால் முதல் கரண்டி அதற்கு. எங்கள் ஊர் மணலில் புல்லைத் தேடுவது பெரிய பாடு. இருக்கிற புல்லையும் ஆடுகள் விடாது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குப் புல்லைப் போடுவதா என்று மச்சானே சொல்லுவார். ஒரு மனிதர் தன் தட்டில் கைவைக்க ஆள் இல்லாமல் கடைசியில் ஒரு முயலைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த நேரத்தில்தான் அவருடைய ஒரே மகள் காலிதாவுக்குத் திருப்பாலைக்குடியிலிருந்து மாப்பிள்ளை கூடி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஹமீது சுல்தான். சொந்தமாகப் படகு வைத்திருந்தார், கருவாட்டு வியாபாரமும் உண்டு. கடலில் காய்ந்த உடம்பு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். பையன் தங்கமான பையன். காலிதாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. அவள் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பேச்சு வந்தால் அடுப்பில் பால் பொங்குவது தெரியாமல் நிற்பாள்.

நிச்சயம் பேச மச்சான் அவர்கள் வீட்டுக்குப் போனார். பேச்சு முடிந்து சஹன் வந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லித் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டார். சம்பந்தம் பேசப் போன இடத்தில் கை நனைக்காமல் வருவது எங்கள் வழக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. இருந்தாலும் வயிறு யாருக்கும் கெடக்கூடியதுதானே என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், குர்பானிக் கறி விருந்துக்கு மறுபடியும் அழைத்தார்கள். இந்தத் தடவை மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? நோன்பு வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

பெருநாளன்றும் அதை அடுத்த மூன்று நாளும் நோன்பு வைக்கக் கூடாது என்பது ஓதுகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவருக்கும் தெரியும். சஹனைப் பார்த்த பயத்தில் வாயில் முதலில் வந்ததைச் சொல்லிவிட்டார். ஹமீது சுல்தான் சஹனை உள்ளே எடுத்துப் போகச் சொன்னாராம். திருப்பாலைக்குடியிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்த பேச்சு இதுதான்: தொண்டிக்காரருக்கு மீன்காரன் வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை, அதைச் சொல்லத் தைரியமில்லாமல் அல்லாவின் பெயரில் பொய் சொல்கிறார்.

லாத்தா அழுதாள். "போயி உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. பல்லு இல்லேன்னு சொன்னா என்னா, கல்யாணமா நின்னுரும்?"

மச்சான் தலையைத் தூக்கவில்லை. "அந்தக் கொழும்பு சஹன்ல இருந்து எந்திரிச்சுப் போனாங்க பாரு தாஜு, அவங்க எல்லாம் என் கூட வருசக்கணக்கா இருந்தவங்க. இவங்க நேத்து வந்தவங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்ணின் வாழ்க்கை ஒரு பக்கம், இந்த மனிதரின் வாய் ஒரு பக்கமா என்று கொல்லையில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

அதே வாரம் நோனா சாப்பாட்டை நிறுத்தியது. ரொட்டியின் அருகில் ஆசையாக வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். மோவாயெல்லாம் எச்சில் ஒழுகி நனைந்திருந்தது. வயிற்றுக் கோளாறு என்று லாத்தா ஓம வாட்டர் கொடுத்தாள். அதுவும் வெளியே வழிந்தது. தெருவில் ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, உயிர் போவதற்குள் அறுத்துவிடுங்கள், செத்துப்போனால் யாருக்கும் ஆகாது என்று யோசனை சொன்னாள். மச்சான் நோனாவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் பூமிநாதன் வாரம் ஒரு நாள் தொண்டிக்கு வந்து போவார். படிப்பு முடித்து வந்து அதிக காலம் ஆகாத இளவயதுக்காரர். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மருந்து கொடுத்து அலுத்தவர், முயல் என்றதும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். நோனாவின் உதட்டை விரலால் விலக்கிக் காட்டினார். கதவு இடுக்கு வழியாகப் பார்த்த எனக்கே உடம்பு கூசியது. கீழ்ப் பற்கள் இரண்டும் நீண்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மேல் பற்கள் உள்பக்கமாகச் சுருண்டு அண்ணத்தைக் குத்திக்கொண்டிருந்தன.

"முயலுக்குப் பல்லு சாகுற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும் பாய். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணோட ஒண்ணு உரசித் தேயணும். இது என்னா திங்குது?" என்று கேட்டார் டாக்டர்.

என் வாய் சும்மா இருக்காது. "அவுக திங்குறதுதான் டாக்டர். பால் ரொட்டி, கஞ்சி, வட்டலப்பம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னேன்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். "புல்லு, வைக்கோல், கீரைத் தண்டுன்னு நாள் பூரா கரண்டிக்கிட்டே இருக்க வேண்டிய பிராணி பாய் இது. சில முயலுக்குத் தாடையே கோணலாவும் இருக்கும். ஆனா இதுக்கு நீங்க குடுத்த சாப்பாடுதான் காரணம்னு நினைக்கிறேன்."

மச்சானின் முகம் செத்துவிட்டது. பிரியத்தில் பகிர்ந்துகொண்ட சாப்பாடு அதன் வாயைப் பூட்டிவிட்டது என்று கேட்பது எந்த மனிதருக்கும் கஷ்டம்தான். அன்று டாக்டர் ஒரு சின்ன வெட்டுக்குறட்டால் பற்களை ஒட்ட நறுக்கிவிட்டுப் போனார். நோனா இரண்டு மூன்று நாள் தின்றது. அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தபோது, நறுக்கிய இடத்தில் ஒரு கீழ்ப்பல் வேர்வரைக்கும் பிளந்து சீழ் வைத்திருந்தது. குறட்டால் நறுக்கினால் சில சமயம் இப்படி ஆகிவிடும் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

"இனி நறுக்கிப் பிரயோசனம் இல்ல பாய். முன்பல்லு எல்லாத்தையும் எடுத்துரணும். அந்தச் சீழுப் பல்லை மட்டும் எடுத்தா மத்தது உரச ஆளில்லாம இன்னும் மோசமா வளரும்" என்றார். "நான் இதை உசுரோட இருக்கிற முயலுக்குச் செஞ்சதில்ல. படிக்கிறப்ப செத்த முயல்ல செஞ்சு பாத்திருக்கேன். மயக்க மருந்துல உசுரு போனாலும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் போன பிறகு மச்சான் முடியாது என்றார். "பல்லைப் பூரா எடுத்துட்டு அது எதுக்கு உசுரோட இருக்கணும்? செத்த மாதிரிதான்."

எனக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவர் எதிரிலேயே போய் நின்றேன். "நீங்க செத்தா போயிட்டீங்க மச்சான்? லாத்தாவும் காலிதாவும் தினம் உங்க மூஞ்சியப் பாத்துத்தானே எந்திரிக்கிறாங்க. நோனாவுக்கும் பொழைக்க வழி இருக்கு. அதைத் தின்னவிடாம நீங்க ஏன் கதவைச் சாத்துறீங்க?"

அவர் என்னை முறைத்தார். கொழுந்தியா பேச்சு எல்லை தாண்டிவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவரே பஸ் ஏறிப்போய் டாக்டருக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

வைத்தியம் லாத்தாவின் அடுப்படியில் நடந்தது. மயக்கம் கொடுக்கிற ஈதர் தீப்பற்றும் என்பதால் அடுப்பை அணைத்துச் சாம்பலையும் நனைக்கச் சொன்னார் டாக்டர். கதவு சன்னல் எல்லாம் திறந்து வைத்தோம். சிரட்டைக்குள் பஞ்சை வைத்து அதில் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டு நோனாவின் மூக்கருகே பிடிக்க வேண்டும். மச்சானிடம் சிரட்டையைக் கொடுத்தார். மச்சான் அதைச் சாய்த்துப் பிடித்ததில் மருந்து தரையில் சிந்தியது. லாத்தா பயந்துபோய் வெளியே போய்விட்டாள். வேறு ஆள் இல்லை. நான் போய் சிரட்டையை வாங்கிக்கொண்டேன்.

"வயித்தைப் பாத்துக்கிட்டே இருங்கம்மா. ஏறி எறங்குறது நின்னா சிரட்டைய எடுத்துருங்க" என்றார் டாக்டர். அவருடைய சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு ஊசியின் முனையைத் தட்டித் தட்டையாக்கி, வளைத்து எடுத்து வந்திருந்தார். அதைப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் நுழைத்து, பல்லைப் பிடித்திருக்கிற நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தார். அவசரப்பட்டால் தாடையே உடைந்துவிடுமாம். முதல் பல் வந்தபோது பார்த்தேன். வெளியே தெரிந்ததைவிட உள்ளே புதைந்திருந்தது நீளம். கருக்கரிவாள் மாதிரி வளைந்திருந்தது. அந்த வளைவுப்படியே மெல்லத் திருப்பித்தான் வெளியே எடுத்தார். மேல் பற்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த இரண்டு குட்டிப் பற்களையும் தேடி எடுத்தார்.

"வேரடியில இருக்கிற சதையையும் சுரண்டிரணும். இல்லேன்னா மறுபடி முளைச்சுக்கும்" என்றார்.

"மறுபடி முளைக்குமா?" என்று கேட்டார் மச்சான். அந்தக் கேள்வியில் இருந்த ஏக்கம் டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. நான் சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் பல்லின்போது நோனாவின் வயிறு அசையாமல் நின்றுவிட்டது. நான் சிரட்டையைத் தூக்கி எறிந்தேன். டாக்டர் அதன் நெஞ்சுக்கூட்டை இரண்டு விரலால் அழுத்தி அழுத்தி விட்டார். மச்சான் அதன் பின்னங்கால்களைப் பிடித்தபடி ஏதோ ஓதிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த வயிறு ஒரு முறை துள்ளியது, மறுபடி ஏறி இறங்க ஆரம்பித்தது.

டாக்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார். "பின்பல்லு எல்லாம் நல்லா இருக்கு பாய். அரைக்கிறதை அது பாத்துக்கும். முன்பல்லுக்கு வேலை கடிச்சு எடுக்கிறதுதான். அந்த வேலைய நீங்க கத்தியால செஞ்சு குடுத்துருங்க. புல்லு, கீரை எல்லாம் பொடியா நறுக்கிப் போடுங்க. உதட்டால அள்ளிக்கும்."

ஆனால் நோனா அள்ளிக்கொள்ளவில்லை. மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கில் கஞ்சித் தண்ணீரை ஊற்றி நாங்கள் உயிரைப் பிடித்து வைத்தோம். மச்சான் காத்தாடுகிற முன்னறையில் அதற்கு இடம் போட்டு, ஒரு பலகையும் கத்தியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முருங்கை இலை, கொத்தமல்லித் தண்டு, எங்கிருந்தோ வாங்கி வந்த அருகம்புல் எல்லாவற்றையும் நறுக்குவார். வாடியதும் கொட்டிவிட்டுப் புதிதாக நறுக்குவார். பண்டாரியின் கை அல்லவா, பார்க்கவே அழகாக இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் ஹமீது சுல்தான் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பேச்சைத் திருப்பிக் கொடுத்துச் சம்பந்தத்தை முறிக்கத்தான் வருகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். காலிதா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. லாத்தா மட்டும் வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்ப முடியாது என்று நெய்ச்சோறும் கறியும் ஆக்கி வைத்தாள்.

அவர் வாசலில் சலாம் சொன்ன நேரம், மச்சானின் மடியில் நோனா இருந்தது. அவர் உள்ளங்கையில் நறுக்கிய கொத்தமல்லி. நோனாவின் உதடு அப்போதுதான் முதன்முதலாக அந்தக் கையைத் தொட்டது. மச்சான் சலாமுக்குப் பதில் சொன்னார். எழுந்திருக்கவில்லை.

"எந்திரிக்க முடியல, கோவிச்சுக்காதீங்க சம்மந்தி. இங்கன உக்காருங்க. இது இன்னிக்குத்தான் வாய் வைக்குது" என்றார்.

வந்தவரின் முகம் சுருங்கியதைக் கதவு மறைவிலிருந்து நாங்கள் பார்த்தோம். அவர் உட்கார்ந்தார். "நான் சுத்தி வளைச்சுப் பேசுற ஆளு இல்ல. நாங்க கடல்ல போறவங்க. எங்க வீட்டுல உங்களால கை நனைக்க முடியலேன்னா, பொண்ணை மட்டும் எதுக்கு அங்கன அனுப்புறீங்க? அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

நோனா ஒரு துணுக்கை உதட்டால் இழுத்தது. தாடை பக்கவாட்டில் அசைந்தது. இன்னொரு துணுக்கு. பிறகு உள்ளங்கை முழுவதையும் வழித்து முடித்துவிட்டு, இன்னும் வேண்டும் என்பது போல் அவர் விரலை மோந்தது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையிலிருந்து அடுத்த பிடியை அள்ளினார்.

கோபத்தோடு வந்தவருக்கும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "எதுக்கு இப்புடிப் பொடிப் பொடியா நறுக்குறீங்க?" என்று கேட்டார்.

"முன்பல்லு பூராம் எடுத்தாச்சு."

"பல்லில்லாம எப்புடித் திங்கும்?"

"திங்குது, பாக்குறீங்கள்ல. நறுக்கிக் குடுத்தாத் திங்கும்" என்றார் மச்சான். பிறகு பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தம்ளரை இழுத்தார். வாய்க்குள் விரலை விட்டு மேல் செட்டையும் கீழ் செட்டையும் கழற்றி, ஒவ்வொன்றாக அதில் போட்டார். லாத்தா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். கன்னம் குழிந்து, உதடு உள்ளே மடிந்து, மச்சானுக்கு ஒரு நொடியில் எழுபது வயது ஆகிவிட்டது. வார்த்தை வழுக்கி வழுக்கி வந்தது. "எனக்கும் அப்புடித்தான் சம்மந்தி. உங்க வீட்டுச் சோறு எறங்காம இல்ல. கை நனைச்சா என் வாய் தெரிஞ்சிரும்னுதான் நனைக்கல. நோன்புன்னு சொன்னது பொய். அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்குறேன். காலிதாவை இதுக்காக விட்டுறாதீங்க."

ஹமீது சுல்தான் தம்ளரைப் பார்த்தார், நோனாவைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். பிறகு எழுந்தார். கொழும்பிலும் அவர்கள் இப்படித்தானே எழுந்தார்கள். அவர் போனது வாசலுக்கு இல்லை. மூலையில் இருந்த செம்பை எடுத்துக் கை கழுவினார்.

"என்னைப் பெத்த அத்தாவுக்குக் கடைசியில பல்லு இல்ல. மீனை ஆஞ்சு, முள்ளெடுத்து, நான்தான் பெசஞ்சு குடுப்பேன்" என்றார். பிறகு உள் கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "உள்ள ஆக்கிருக்கிறதை எடுத்து வாங்கம்மா. ஒரே சஹன் போதும்."

இருவருக்கும் நடுவில் சஹனை வைத்துவிட்டு லாத்தா திரும்பி வந்தாள். கடலில் கயிறு இழுத்துக் காய்ச்சுப்போன அந்த விரல்கள் கறியை எடுத்து, நார் நாராகப் பிய்த்து, அதையும் கசக்கி மெதுவாக்கி, மச்சான் பக்கம் தள்ளிவிட்டன. அவர் முகத்தைப் பார்க்காமல், கடலில் மீன்பாடு எப்படி, இந்த வருஷம் காற்று எப்படி என்று பேசிக்கொண்டே தள்ளினார். மச்சான் பிஸ்மில்லா சொல்லிக் கைவைத்தார். அந்த வீட்டின் கதவு மறைவில் மூன்று பெண்கள் சத்தம் வராமல் அழுதோம் என்பதை நான் மறைக்கப்போவதில்லை.

நோனா அதற்குப் பிறகு நன்றாகத் தேறியது. மயிர் பளபளத்தது, உடம்பு கனத்தது. தினமும் காலையில் மச்சான் அதற்குக் கீரை நறுக்குகிற சத்தம் என் வீடு வரை கேட்கும். அதே பலகையில், அதே கத்தியால், அதற்கு அடுத்து தன்னுடைய சாப்பாட்டையும் நறுக்கிக்கொள்வார். குழைத்து விழுங்குவதை விட்டுவிட்டார். கதவும் திறந்தே இருந்தது.

காலிதாவின் நிக்காஹ் முடிந்து விருந்துக்கு உட்கார்ந்தார்கள். முதல் சஹனில் மச்சான், ஹமீது சுல்தான், திருப்பாலைக்குடிப் பெரியவர்கள் மூன்று பேர். திரைக்குப் பின்னாலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடியைத் திறந்ததும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த சஹனில் ஒரு துண்டுக் கறியைக் காணோம். எல்லாம் பொடிப் பொடியாக நறுக்கியிருந்தது. சமையல்காரரிடம் ஹமீது சுல்தான் தானே போய்ச் சொல்லியிருக்கிறார்.

பெரியவர்களில் ஒருவர் சோற்றைக் கிளறிப் பார்த்தார். "என்னா சுல்தான், பச்சப் புள்ளைக்கு ஆக்குன மாதிரி இருக்கு?"

"என் சம்மந்திக்குப் பல்லு இல்ல. அவரு சாப்புடுற மாதிரிதான் இந்த சஹன்ல எல்லாரும் சாப்புடுறோம். கை வைங்க" என்றார் ஹமீது சுல்தான்.

யாரும் எழுந்து போகவில்லை. ஐந்து கைகளும் சோற்றில் இறங்கின. மச்சான் அன்று செட்டை வீட்டிலேயே தம்ளரில் விட்டுவிட்டு வந்திருந்தார். தன் பக்கம் கிடந்த கறியை விரலால் கூட்டி எதிரே இருந்த பெரியவர் பக்கம் தள்ளிவிட்டு, தலையை நிமிர்த்திச் சிரித்தார். வெறும் ஈறு. அவர் நிஜமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.